பழைய கணினியை வீசுமுன் வன்தட்டைக் கழற்றுங்கள்: வீட்டிலேயே செய்ய ஒரு வழிகாட்டி

வீடு மாறும்போதும் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதும் பொருள் வைப்பறையிலிருந்து பெரும்பாலும் ஒரு பழைய மேசைக்கணினி வெளியே வரும். பத்து ஆண்டுகளாக யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். இடத்தை அடைக்கிறது என்று கரங்கூனி வியாபாரியிடம் கொடுத்துவிடலாம் என்றே பலருக்கும் தோன்றும்.

கொடுப்பதற்குமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கணினி பழையதாகிவிட்டாலும் அதற்குள் இருக்கும் தகவல் பழையதாவதில்லை. பிள்ளைகளின் குழந்தைப் பருவப் படங்கள், மறைந்த பெற்றோர் எழுதிவைத்த கடிதங்கள், திருமணக் காணொளி போன்றவற்றுக்கு அந்தப் பெட்டியைத் தவிர வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். அதே பெட்டியில் அடையாள அட்டையின் நகல், வருமான வரிப் படிவம், வங்கி அறிக்கை, பழைய மறைச்சொற்களின் பட்டியல் ஆகியவையும் இருக்கும். முதல் வகை தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. இரண்டாவது வகை மோசடிக்காரர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டும் இருப்பது ஒரே பொருளில்தான். அது கையளவுள்ள வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும் இருந்தால் அதைப் பெரும்பாலோர் வீட்டிலேயே கழற்றிவிடலாம்.

முதலில் கணினி இயங்குகிறதா?

இயங்கும் கணினியாக இருந்தால் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். அதை இயக்கி, தேவையான கோப்புகளை வெளிப்புறச் சேமிப்பு வட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதுவே எளிய வழி. அதன்பிறகு வன்தட்டைக் கழற்றலாம்.

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்திய கணினிகளில் வன்தட்டு பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிட்லாக்கர் போன்ற பூட்டு போடப்பட்டிருந்தால், அந்த வன்தட்டை வேறு கணினியில் இணைக்கும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை உரிமையாளராலும் படிக்க முடியாது. கணினி இயங்கும்போதே அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பூட்டை நீக்கிவிடுங்கள்.

இயங்காத கணினி என்றால் உடனே மனம் தளர வேண்டாம். மின்வழங்கியோ தாய்ப்பலகையோ பழுதடைந்ததால்தான் பல பழைய கணினிகள் இயங்குவதில்லை. அவற்றுள் இருக்கும் வன்தட்டு நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு.

தேவைப்படும் பொருள்கள்

கூட்டல் குறி வடிவ முனையுள்ள நடுத்தர அளவுத் திருப்புளி ஒன்று, திருகாணிகளைப் போட்டுவைக்கச் சிறு கிண்ணம், தூசு தட்ட ஒரு தூரிகை, படமெடுக்கக் கைப்பேசி ஆகியவை போதும். நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் மேசையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, கணினிப் பெட்டியை அதன்மேல் வையுங்கள். கம்பள விரிப்பின்மீது உட்கார்ந்து செய்வதைத் தவிர்ப்பது நல்லது. உடலில் நிலைமின்சாரம் சேர அது காரணமாகலாம்.

ஒன்று: மின் இணைப்பைத் துண்டித்தல்

கணினியை நிறுத்துங்கள். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆகவே சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. திரை, விசைப்பலகை, இணையக் கம்பி என்று பெட்டியின் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

அதன்பின், கணினியின் முன்பக்கத்தில் இருக்கும் இயக்கும் பொத்தானைப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சியிருக்கும் மின்சாரம் இதனால் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

ஓர் எச்சரிக்கை. பெட்டியின் பின்புறத்தில், மின்கம்பி செருகும் இடத்தில், மின்விசிறியுடன் ஓர் உலோகப் பெட்டி இருக்கும். அதுதான் மின்வழங்கி. அதை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கலாம். பழைய குழாய்த் திரைகளுக்கும் இதே விதி பொருந்தும்.

இரண்டு: பெட்டியைத் திறத்தல்

முன்பக்கத்தை நீங்கள் பார்த்தபடி நின்றால், பொதுவாக இடப்பக்கப் பலகையைத்தான் கழற்ற வேண்டும். பின்புறத்தில் அதைப் பிடித்திருக்கும் இரண்டு அல்லது மூன்று திருகாணிகளை நீக்கி, பலகையைப் பின்னோக்கித் தள்ளுங்கள். அது வழுக்கிக்கொண்டு வரும். பெரிய நிறுவனங்கள் அலுவலகங்களுக்காகத் தயாரித்த கணினிகளில் திருகாணிக்குப் பதிலாகத் தாழ்ப்பாள் போன்ற விசை இருக்கலாம்.

திறந்ததும் தூசு, கரப்பான்பூச்சி எச்சம், சில வேளைகளில் பல்லி முட்டைகூட இருக்கும். நம் தட்பவெப்பத்தில் இது வழக்கம்தான். தூரிகையால் மெல்லத் தட்டிவிடுங்கள். வாயால் ஊத வேண்டாம். தூசு கண்ணில் படும், எச்சிலும் தெறிக்கும்.

உள்பக்க உலோகத் தகடுகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். கையை அவசரமாக நுழைத்தால் வெட்டிவிடும். எதையும் தொடுவதற்குமுன் பெட்டியின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடலில் உள்ள நிலைமின்சாரம் அதனால் சமன்படும். குளிரூட்டப்பட்ட அறையில் காற்று வறண்டிருக்கும் என்பதால் அங்கு இது இன்னும் முக்கியம்.

இப்போது கைப்பேசியில் உள்பகுதியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எங்கே இருந்தது என்ற குழப்பம் பின்னர் வராது.

மூன்று: வன்தட்டை அடையாளம் காணுதல்

பெட்டியின் முன்பக்கத்தை ஒட்டியுள்ள உலோகக் கூட்டுக்குள் வன்தட்டு இருக்கும். ஏறக்குறைய 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், இரண்டரை செ.மீ. தடிப்பு, அரை கிலோ எடை. கையில் எடுத்தால் கனமாகத் தெரியும். மேலே ஒட்டப்பட்ட தாளில் தயாரித்த நிறுவனத்தின் பெயர், கொள்ளளவு, வரிசை எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், ஹிட்டாச்சி, சாம்சுங், மேக்ஸ்டர் ஆகியவை பழைய கணினிகளில் அதிகம் காணப்படும் பெயர்கள்.

அதற்கு மேலே, முன்பக்கம் திறப்புள்ள அகலமான பெட்டி டிவிடி இயக்கி. அதை வன்தட்டு என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே கணினியில் இரண்டு வன்தட்டுகள் இருப்பதும் உண்டு. ஒன்றைக் கண்டதும் நிறுத்திவிடாமல் கூடு முழுவதையும் பாருங்கள்.

2003க்கு முற்பட்ட கணினிகளில் பெரும்பாலும் ஐடிஇ வகை வன்தட்டு இருக்கும். அதில் அகலமான, நாடா போன்ற தட்டைக் கம்பியும் நான்கு ஊசி மின்செருகியும் பொருத்தப்பட்டிருக்கும். அந்த ஆண்டு முதல் சந்தைக்கு வந்தது சாட்டா வகை. சில ஆண்டுகளில் அதுவே வழக்கமாகிவிட்டது. அதன் கம்பி விரல் அளவே அகலமானது. செருகியின் வாய் ஆங்கில ‘எல்’ எழுத்தின் வடிவில் இருக்கும். எந்த வகை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இணைப்புக் கருவி வாங்கும்போது இது தேவைப்படும்.

நான்கு: கம்பிகளையும் திருகாணிகளையும் நீக்குதல்

வன்தட்டுடன் இரண்டு கம்பிகள் இணைந்திருக்கும். ஒன்று தகவலுக்கு, மற்றொன்று மின்சாரத்துக்கு. இரண்டையும் செருகியின் தலையைப் பிடித்து இழுக்க வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது.

சாட்டா செருகியில் சிறு உலோக விசை இருந்தால் அதை அழுத்தியபடி நேராக இழுங்கள். பக்கவாட்டில் வளைத்தால் வன்தட்டின் பக்கம் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்துவிடும். உடைந்தால் பிறகு இணைப்பது கடினம். ஐடிஇ வகையின் நான்கு ஊசி மின்செருகியோ மிக இறுக்கமாக இருக்கும். இரு ஓரங்களையும் பிடித்து இப்படியும் அப்படியும் சற்றே அசைத்து வெளியே எடுங்கள்.

கூட்டில் வன்தட்டைப் பிடித்திருப்பவை பொதுவாக நான்கு திருகாணிகள், ஒரு பக்கத்துக்கு இரண்டு. மறுபக்கத் திருகாணிகளை எட்ட வலப்பக்கப் பலகையையும் கழற்ற வேண்டியிருக்கும். கடைசித் திருகாணியை நீக்கும்போது மற்றொரு கையால் வன்தட்டைத் தாங்கிக்கொள்ளுங்கள். திருகாணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தட்டில் பொருத்தப்பட்டிருந்தால் இருபக்க விசைகளையும் அழுத்தினால் தட்டோடு வெளியே வந்துவிடும்.

வெளியே எடுத்ததும் மென்மையான துணிமீது வையுங்கள். கீழே விழுந்தால், இதுவரை நன்றாக இருந்த வன்தட்டும் அத்தோடு போய்விடலாம். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையிலான தூரம் சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிப்பைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. வன்தட்டின் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசே அதைப் பாழாக்கிவிடும்.

உள்ளே இருப்பதைப் படிப்பது எப்படி?

யுஎஸ்பி வழியாக வன்தட்டை இணைக்கும் கருவிகள் சிம் லிம் ஸ்குவேர், கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா போன்ற இடங்களிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. வாங்கும்போது இரண்டு விவரங்களைச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று, ஐடிஇ வகையா சாட்டா வகையா என்பது. மற்றொன்று, மேசைக்கணினியின் மூன்றரை அங்குல வன்தட்டு என்பது. இந்த அளவு வன்தட்டுக்கு 12 வோல்ட் மின்சாரம் தேவை. யுஎஸ்பி 5 வோல்ட்தான் தரும். எனவே தனி மின்செருகியோடு வரும் கருவியே வேண்டும். மடிக்கணினி வன்தட்டுக்கான கருவியை வாங்கிவந்து, தட்டு சுழலவில்லையே என்று குழம்புபவர்கள் பலர்.

ஐடிஇ வன்தட்டின் பின்புறத்தில் ஊசிகள்மீது சிறு பிளாஸ்டிக் தொப்பி ஒன்று இருக்கும். மேலே ஒட்டியுள்ள தாளில் காட்டியபடி அதை ‘மாஸ்டர்’ நிலையில் வைத்தால் கருவி எளிதில் அடையாளம் காணும்.

இணைத்ததும் வன்தட்டிலிருந்து வரும் ஒலியைக் கவனியுங்கள். சீராகச் சுழலும் மெல்லிய ஒலி நல்ல அறிகுறி. திரும்பத் திரும்ப ‘டக்... டக்...’ என்று கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் முயன்றால் சேதம் கூடும். உள்ளே இருப்பது உண்மையிலேயே விலைமதிப்பற்றது என்றால் தரவு மீட்பு நிறுவனத்திடம் கொண்டுசெல்வதே நல்லது. முதலில் கட்டணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது சிறிய தொகையாக இருக்காது.

‘இந்த வட்டை ஃபார்மேட் செய்யவா?’ என்று கணினி கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ‘அனுமதி இல்லை’ என்று சொன்னால், தொடர்வதற்கான பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் கோப்புகள் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற கோப்புறையிலும் அதற்குப் பிந்தியவற்றின் கோப்புகள் ‘யூசர்ஸ்’ என்ற கோப்புறையிலும் இருக்கும். ஒவ்வொருவரின் பெயரிலும் உள்ள கோப்புறையைத் திறந்து, மிகவும் வேண்டிய படங்களை முதலில் நகலெடுங்கள். பழைய வன்தட்டு எந்நேரமும் நின்றுபோகலாம். நகலெடுத்தவற்றை நச்சுநிரல் தடுப்பு மென்பொருளால் ஒருமுறை சோதித்துவிட்டுத் திறப்பது பாதுகாப்பு.

பழைய தமிழ்க் கோப்புகளுக்கு எழுத்துருவும் வேண்டும்

தமிழில் தட்டச்சு செய்தவர்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் போன்றவற்றின் வழியாகவே இவ்வட்டாரத் தமிழர்கள் பலர் கணினியில் தமிழ் எழுதத் தொடங்கினர். விண்டோஸ் 2000 வெளிவரும்வரை விண்டோஸ் இயங்குதளத்திலேயே யூனிகோட் தமிழ் இல்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பழைய எழுத்துருக்களே புழக்கத்தில் இருந்தன.

அக்காலக் கோப்புகளை இன்றைய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறியீடுகள் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பழைய வன்தட்டில் ‘விண்டோஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையையும் சேர்த்து நகலெடுங்கள். அந்த எழுத்துருவைப் புதிய கணினியில் நிறுவினால் எழுத்துகள் மீண்டும் தமிழாகத் தெரியும். பின்னர் எழுத்துரு மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியர்களின் பாடத்தாள்கள், சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், கோயில் மலர்கள், வெளிவராத கதை, கவிதைகள் என எத்தனையோ எழுத்துகள் இப்படிப்பட்ட கோப்புகளில் முடங்கிக் கிடக்கின்றன. எழுத்துரு இல்லாமல் வன்தட்டை அழித்துவிட்டால் அவற்றைப் படிப்பது பெரும்பாடு.

முழுமையாக அழிப்பது எப்படி?

குப்பைத்தொட்டிக்கு அனுப்புவதோ விரைவு ஃபார்மேட் செய்வதோ அழிப்பதாகாது. ஒரு நூலின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டுப் பக்கங்களை விட்டுவைப்பது போன்றது அது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் போதும், படங்கள் திரும்ப வந்துவிடும்.

விண்டோஸ் விஸ்டா முதல், ‘குவிக் ஃபார்மேட்’ என்ற தெரிவை நீக்கிவிட்டு முழு ஃபார்மேட் செய்தால் வட்டு முழுவதும் பூஜ்யங்களால் நிரப்பப்படுகிறது. சுழலும் வன்தட்டுக்கு வீட்டளவில் இது போதுமானது. சி, டி என வன்தட்டு பிரிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்ய வேண்டும். 500 ஜிகாபைட் வன்தட்டுக்கு யுஎஸ்பி 3 இணைப்பில் ஒன்றரை மணி நேரமும், யுஎஸ்பி 2 இணைப்பில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

தொடங்குவதற்குமுன் மற்ற வெளிப்புற வட்டுகளை எல்லாம் கழற்றிவிடுங்கள். அழிக்கப்போவது சரியான வட்டுதானா என்பதைக் கொள்ளளவைப் பார்த்து இருமுறை உறுதிசெய்யுங்கள். நகலெடுத்த படங்கள் திறக்கின்றனவா என்பதையும் அதற்குமுன்பே சரிபாருங்கள். முடிந்தால் இரண்டு இடங்களில் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வகைக்கு இம்முறை முழு உத்தரவாதம் தராது. அதற்குத் தயாரித்த நிறுவனம் தரும் அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும்.

இயங்காத வன்தட்டை மென்பொருளால் அழிக்க முடியாது. அதை உடைக்கத்தான் வேண்டும். கண்ணாடி அணிந்து, தடித்த துணியில் சுற்றி, சுத்தியலால் தட்டு வளையும்வரை அடிக்கலாம், அல்லது துளையிடலாம். சில வன்தட்டுகளின் தட்டு கண்ணாடியால் ஆனது. அது நொறுங்கித் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குப் பாதுகாப்பு அவசியம். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தால் பயன் இல்லை. தீயில் போடுவது நச்சுப் புகையை உண்டாக்கும்.

உறுப்பினர் பட்டியலோ வாடிக்கையாளர் விவரமோ வைத்திருக்கும் சங்கங்கள், துணைப்பாட நிலையங்கள், சிறு கடைகள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அத்தகவலைப் பாதுகாப்பது அமைப்புகளின் கடமை. மலேசியாவிலும் வணிகங்களுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வன்தட்டுகளை அரைத்து அழித்துச் சான்றிதழ் தரும் நிறுவனங்களை அமைப்புகள் நாடலாம்.

எங்கே கொடுப்பது?

சிங்கப்பூரில் ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. குப்பைக் குழாயில் போடப்படுவது எரியாலைக்குத்தான் போகும். மின்பொருள்களில் உள்ள செம்பு, அலுமினியம், தங்கம் போன்றவை வீணாவதோடு நச்சுப் பொருள்களும் சுற்றுப்புறத்தில் கலக்கலாம்.

2021 ஜூலை 1 முதல், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மேற்பார்வையில் மின்கழிவுச் சேகரிப்புத் திட்டம் நடப்பில் உள்ளது. கணினி, மடிக்கணினி, கைப்பேசி, அச்சு இயந்திரம் ஆகியவை அதில் அடங்கும். கடைத்தொகுதிகள், சமூக மன்றங்கள் முதலிய இடங்களில் உள்ள தொட்டிகளில் சிறிய பொருள்களைப் போடலாம். மேசைக்கணினிப் பெட்டி தொட்டியின் வாய்க்குள் நுழையாவிட்டால், 300 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்பளவுள்ள மின்பொருள் கடைகளில் கொடுக்கலாம். புதிய கணினியை வீட்டுக்கு வரவழைத்தால், அதைக் கொண்டுவருவோர் பழையதை இலவசமாக எடுத்துச்செல்லும்படி கேட்கலாம். அருகிலுள்ள சேகரிப்பு இடத்தை வாரியத்தின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மலேசியாவில் மின்கழிவு, பட்டியலிடப்பட்ட கழிவுகளில் ‘எஸ்டபிள்யூ 110’ என்ற வகையைச் சேர்ந்தது. சுற்றுச்சூழல் துறையின் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு நிலையங்களில் அதை ஒப்படைக்க வேண்டும்.

எங்கே கொடுத்தாலும் உள்ளே உள்ள தகவலை நீக்குவது உரிமையாளரின் பொறுப்பு.

கொடுப்பதற்குமுன் சரிபார்க்க

- இரண்டாவது வன்தட்டு உள்ளதா என்று பார்த்தாகிவிட்டதா?
- டிவிடி இயக்கிக்குள் வட்டு ஏதும் தங்கியிருக்கிறதா?
- படங்களும் ஆவணங்களும் இரண்டு இடங்களில் நகலெடுக்கப்பட்டு, திறந்து பார்க்கப்பட்டனவா?
- பழைய தமிழ்க் கோப்புகளோடு எழுத்துருக்களும் நகலெடுக்கப்பட்டனவா?
- வன்தட்டு முழுமையாக அழிக்கப்பட்டதா, அல்லது உடைக்கப்பட்டதா?

வீட்டில் மூத்தவர்கள் தனியாக இருந்தால் இந்த வேலையைப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உடனிருந்து செய்துகொடுக்கலாம். எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்பதை மட்டும் அந்த மூத்தவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். கோப்பின் பெயரைப் பார்த்து நமக்கு முக்கியமில்லை என்று தோன்றுவது அவருக்கு மிக முக்கியமானதாக இருக்கலாம்.